காந்தாரம் எங்கே நிற்கிறது? ஒரு தனி சாக்ஸபோன் படைப்பும் ஒரு மாணவியும்: நிகழ்வு ஆய்வு

இது ஒரு மாணவி, ஒரு படைப்பு, ஏறக்குறைய ஏழு மாதப் பயிற்சி பற்றிய பதிவு. எழுதுவதற்கு மாணவியும் வீட்டாரும் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் போடவில்லை. வாய்ப்பாட்டில் பழகிய காதோடு மேற்கத்திய நவீன சாக்ஸபோன் பக்கம் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்னைப் போல ஐந்து வாரத்தைத் தவறான வழியில் செலவழிக்க வேண்டாமே என்பதற்காக எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

மாணவிக்கு வயது 19. வீடு சிங்கப்பூரில், ஈசூனில். உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் இணைப்பாட நடவடிக்கையாக பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். அதற்கும் முன்னாலேயே, ஆறு வயதிலிருந்து வாய்ப்பாட்டு. வர்ணம், கீர்த்தனை எல்லாம் தாண்டி, சிறிதாக ஆலாபனையும் பாடுவார். இசை மேற்படிப்புக்கான தேர்வில் துணைவாத்தியம் இல்லாத நவீனப் படைப்பு ஒன்றை வாசிக்க வேண்டியிருந்தது. அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தது ரியோ நோடாவின் ‘இம்ப்ரொவைசேஷன் 1’.

நோடா ஜப்பானியர், 1948இல் பிறந்தவர், தானே சாக்ஸபோன் கலைஞர். ஒசாகாவில் படித்து, அமெரிக்காவில் ஃபிரெட் ஹெம்கேயிடமும், பிரான்ஸின் போர்தோ நகரில் ழான்-மரி லோந்தெக்ஸிடமும் பயின்றவர். இந்தப் படைப்பைப் பாரிஸின் லெதுக் பதிப்பகம் வெளியிட்டது. ஆல்டோவுக்கு மட்டும், நீளம் நான்கு நிமிடத்துக்குப் பக்கம். தாளக் குறியீடும் கிடையாது, அளவுக்கோடும் கிடையாது. ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலின் பேச்சை சாக்ஸபோனில் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். கால் தொனிகள், சறுக்கல்கள், மெதுவாகத் தொடங்கி விரைவாகும் அதிர்வு, சட்டென்று வெடிக்கும் மூச்சு, அப்புறம் நீளம் வேறுபடும் மௌனங்கள். எல்லாவற்றுக்கும் குறிகள் இருக்கின்றன.

முதல் நாளே கேட்டார்: “சார், இம்ப்ரொவைசேஷன்னா மனோதர்மம்தானே? நான் கொஞ்சம் மாத்தி வாசிக்கலாமா?”

மனோதர்மம் என்றால் பாடகர் அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுவது. இங்கே அது கூடாது. பெயர்தான் அப்படி. ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கிறது. வாசிப்பவருக்கு விடப்பட்டிருப்பது பெரும்பாலும் காலம்தான்: ஒரு சுரம் எவ்வளவு நிற்கும், ஒரு மௌனம் எவ்வளவு நீளும் என்பது. கேட்பவருக்கு அந்த நிமிடத்தில் பிறந்தது போல இருக்க வேண்டும், ஆனால் தாளில் இருப்பது மாறக் கூடாது. இதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அந்த வாட்டத்தை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அன்று வாசித்ததைப் பதிவு செய்தேன். விரல்கள் சுத்தம், ஒலி அழகு. ஆனால் மூன்று குறைகள் தெளிவாகக் கேட்டன. கால் தொனிகள் கால் தொனிகளாக இல்லை. அரைத்தொனி 100 சென்ட் என்றால் கால் தொனி 50. இவருடைய கால் தொனிகளில் பெரும்பாலானவை பக்கத்துச் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு, 20 சென்ட் கூட விலகாமல் நின்றன. அடுத்தது, மௌனங்கள் எல்லாம் ஒரே நீளம். மூன்றாவது, சுரங்களின் முடிவு. அறுபட வேண்டிய இடத்திலெல்லாம் பஞ்சு போலத் தேய்ந்து மறைந்தன. முழுப் படைப்பும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் முதலில் செய்த தவறு

கர்நாடக இசைப் பழக்கம்தான் தடை என்று முடிவு கட்டினேன். “இங்கே வரும்போது பாட்டை வாசலிலேயே விட்டுட்டு வாம்மா” என்று சொன்னேன். ஐந்து வாரம், சுருதியை முள்ளால் காட்டும் டியூனரை முன்னால் வைத்து, ஒவ்வொரு கால் தொனிக்கும் மாற்று விரல்பிடி எழுதிக்கொடுத்து, முள்ளைப் பார்த்து ஊத வைத்தேன். முள்ளைப் பார்க்கும்போது சரியாக வரும். கண்ணை எடுத்தால் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், தாளில் எஃப், சி என்று எழுதியிருக்கும் சுரங்கள் மட்டும் எப்போதும் அசையாமல், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது போல இருந்தன. ஏன் இந்த இரண்டு மட்டும்? ஆல்டோ ஈ-ஃபிளாட் வாத்தியம். அதில் எஃப் பிடித்தால் பியானோவில் கேட்பது ஏ-ஃபிளாட், அதாவது நம் சுருதிக் கணக்கில் ஐந்தரைக் கட்டை. அவர் பாடும் சுருதியும் ஐந்தரைக் கட்டைதான். அப்படியானால் எஃப் அவருக்கு அடிப்படைச் சுரமான சட்ஜம், சி பஞ்சமம்.

அடுத்த வகுப்பில் கேட்டேன். வீட்டில் சாதகம் செய்யும்போது ஒரு காதில், சட்ஜமும் பஞ்சமமும் விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டிச் செயலி ஓடுமாம். “சுருதி இல்லாம ஊதினா வெறும் வெளியில நிக்கிற மாதிரி இருக்கு சார்” என்றார். செயலியை அணைத்துவிட்டு வகுப்புக்கு வந்தாலும் மனதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சட்ஜத்தோடு ஒப்பிட்டுக் கேட்கும் காதுக்கு 50 சென்ட் விலகிய சுரம் ஒரு பிழை. பதிமூன்று ஆண்டுப் பயிற்சி அந்தப் பிழையைத் தானாகத் திருத்திவிடுகிறது. நான் டியூனர் முள்ளைக் காட்டி அந்தப் பயிற்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சுரங்களின் முடிவு விஷயத்தில் குற்றவாளி பாட்டு அல்ல, பேண்ட். பள்ளி பேண்டில் நாற்பது, ஐம்பது பேர் ஒன்றாக முடிக்க வேண்டும். அதனால் ஊதும் முனையில் அதிரும் நாணல் பட்டையான ரீடை நாக்கால் தொட்டு ஒலியை நிறுத்தக் கூடாது, மூச்சால் மெல்ல விடு என்று பழக்குவார்கள். அங்கே அது சரிதான். நோடாவில் சில சுரங்கள் முடியும்போது சுருதி சற்றே மேலே எழும்பி, கத்தி பட்டது போல அறுபட வேண்டும். ஷாகுஹாச்சி வாசிப்பவர் முகவாயை உயர்த்தி இறக்கியே சுருதியை ஏற்றி இறக்குவார். ஏற்றுவதைக் காரி என்றும், இறக்குவதை மேரி என்றும் சொல்வார்கள். சாக்ஸபோனில் உதட்டால் கீழே இறக்குவது எளிது, மேலே ஏற்றுவது மிகக் கடினம். அதனால் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்து, முடிவில் இறுக்கி, அந்தக் கணமே நாக்கை வைக்க வேண்டும்.

தாத்தா சொன்னது

ஆறாவது வாரம் மாணவியின் தாத்தா உடன் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். நாதஸ்வரப் பித்தர், டேங்க் ரோடு கோயிலில் கச்சேரி என்றால் முன் வரிசையில் இருப்பவர். பேத்தி சாக்ஸபோன் எடுத்ததற்கே காரணம் கத்ரி கோபால்நாத் என்று பெருமையாகச் சொன்னார். மங்களூர்ப் பக்கம் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, சுரங்களை அசைத்து இழைக்கும் கமகங்களைச் சாக்ஸபோனில் கொண்டுவந்து, 1994இல் லண்டன் பிபிசி பிராம்ஸ் இசை விழா மேடை வரை கர்நாடக இசையைக் கொண்டுபோனவர் அல்லவா? தாத்தாவுக்கு நோடா பிடிபடவில்லை, ஆனால் பொறுமையாகக் கேட்டார். பேத்தி வாசித்து முடித்ததும் இரண்டு விஷயம் சொன்னார்.

“முடிக்கிற எடத்துல துத்துகாரம் இல்லையே. நாயனக்காரர் நாக்கால வெட்டுவாரே, அது மாதிரி ஏன் வெட்டல?”

அப்புறம்: “இதுக்குத் தாளமே இல்லைங்கிற. ஆனா பாப்பா கால் கட்டை விரல் ஆடிக்கிட்டே இருக்கு. விருத்தம் பாடுறப்ப இப்படியா பாடுவே?”

நான் காலைப் பார்க்கவே இல்லை. மௌனங்கள் ஏன் ஒரே நீளம் என்பதற்கு அங்கேதான் பதில் இருந்தது. ஒவ்வொரு மௌனத்தையும் உள்ளுக்குள் ஆதி தாளத்தில் நான்கு எண்ணிக்கை வைத்திருக்கிறார்.

உடனே சாக்ஸபோனைக் கீழே வைக்கச் சொல்லி ஒரு விருத்தம் பாடச் சொன்னேன். திருப்புகழிலிருந்து பாடினார். தாளம் இல்லை. சொல் முடியும் இடத்தில் நிற்கிறார், பொருள் தொடரும் இடத்தில் சட்டென்று எடுக்கிறார், ஒரு ராகத்திலிருந்து அடுத்த ராகத்துக்குப் போகும் முன் நீண்ட மூச்சு. ஒரு மௌனம் போல இன்னொன்று இல்லை. நான் ஐந்து வாரமாகக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது ஆறு வயதிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. கால் தொனிக்கும் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். தோடி ராகம் பாடச் சொல்லி, அதன் ‘க’ சுரமான காந்தாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“இந்தக் காந்தாரம் எங்கேம்மா நிக்குது?”

இரண்டு முறை பாடிப் பார்த்தார். “எங்கேயும் நிக்காது சார். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும்.”

“சரி, அந்த ஆட்டத்தை நடுவுல ஒரு எடத்துல நிறுத்து. அங்கேயே நில்லு.”

நிறுத்தினார். எந்த சுரஸ்தானமும் இல்லாத ஓரிடத்தில் அவர் குரல் நின்றது. முகம் சுளித்தார், ஆனால் நின்றார். அன்றுதான் முதன்முறையாக, முள்ளைப் பார்க்காமல், சாக்ஸபோனில் ஒரு உண்மையான கால் தொனி வந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பழகிய விதம்

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. சுருதிச் செயலியை நோடாவுக்கு மட்டும் முழுமையாக நிறுத்தினோம். தினமும் முதல் பத்து நிமிடம் மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் முனை, மட்டும். ஆல்டோ மவுத்பீஸைத் தனியே ஊதினால் 880 ஹெர்ட்ஸ், அதாவது ஏ சுரம் வர வேண்டும் என்பது செவ்வியல் சாக்ஸபோன் ஆசிரியர்கள் சொல்லும் அளவு. அங்கிருந்து தொண்டையும் நாக்கின் பின்பகுதியும் மட்டும் மாறி, உதடு கடிக்காமல், சுருதியைக் கீழே சறுக்க வேண்டும். பாடகர்களுக்கு இது சீக்கிரம் வரும்; இவருக்கு மூன்றே நாளில் வந்தது. நடு சுரங்களின் கால் தொனிகளுக்கு மாற்று விரல்பிடிகள் உண்டு. மிகக் கீழே போனால் விரல் உதவாது, தொண்டைதான். நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி வித்தை காட்டலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே மூடிகள் இருப்பதால் அந்த வசதி இல்லை.

இந்த இடத்தில் ஒரு கவலை வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். தோடி வழியாக உள்ளே போனால் நோடா தோடியாகிவிடாதா? ஆகத் தொடங்கியது. நீண்ட சுரங்களில் கமகத்தின் ஆட்டம் நுழைந்தது. அழகாக இருந்தது என்பதுதான் ஆபத்து. தாளில் வரைந்திருப்பது தாடையால் உண்டாக்கும் அதிர்வு, அகலமாக, மெதுவாகத் தொடங்கி நெருங்கிக்கொண்டே போவது. அது வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வருவதில்லை. கமகத்துக்குப் போக ஒரு ஊர் உண்டு. இந்த அதிர்வு நின்ற இடத்திலேயே நடுங்குவது.

அதனால் இரண்டு வாரம் நோடாவைத் தொடவே விடாமல் ஷாகுஹாச்சி மட்டும் கேட்க வைத்தேன். ஒரு ஷாகு எட்டு சுன் நீளம், ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர், ஐந்து துளை. பெயரே அந்த நீளத்திலிருந்து வந்தது. கூடை போன்ற தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு கோமுசோ துறவிகள் ஊதிய குழல் அது. அவர்களுக்கு ஊதுவதே தியானம். முராய்கி என்று ஒரு முறை உண்டு: மூச்சு இரைச்சலோடு சீறிக்கொண்டு வரும். பேண்ட் பிள்ளைகள் இரைச்சல் வந்தால் வெட்கப்படுவார்கள். இங்கே இரைச்சல்தான் பொருள். திரும்பி வந்தபோது தாடை அதிர்வும் கமகமும் அவர் காதில் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஓரிரு சறுக்கல்களில் இன்னும் தமிழ் வாசனை இருந்தது. அதை நான் நீக்கவில்லை. தாளுக்கு முரணாக இல்லாதவரை அந்த வாசனை இருக்கலாம் என்பது என் தீர்ப்பு. வேறு ஆசிரியர் வேறு மாதிரி தீர்மானித்திருக்கலாம்.

படிக்கட்டு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சாக்ஸபோன் ஊதுவது எளிதல்ல. அண்டை வீட்டில் கைக்குழந்தை. மாணவி பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்துக்குப் போகும் படிக்கட்டில்தான் சாதகம் செய்தார். நான்கு பக்கமும் காங்கிரீட். ஒலி நிறுத்திய பிறகும் எதிரொலி தங்கும். அங்கே எடுத்த பதிவு அருமையாக இருந்தது, மௌனங்கள் நிறைந்திருந்தன.

மே மாதம் ஒரு சிறு அரங்கத்தில் ஒத்திகை வைத்தோம். தரைவிரிப்பு, கனமான திரை, குளிர்சாதனம். முதல் சுரம் அறுந்ததும் அறை ஒலியை விழுங்கிவிட்டது. மாணவி தடுமாறினார். அடுத்த மௌனத்தைப் பாதியாக வெட்டினார், அதற்கடுத்ததை இன்னும் குறைத்தார். கடைசிப் பகுதி ஓட்டமாக ஓடியது. இறங்கி வந்து, “மௌனத்துல ஒண்ணுமே இல்ல சார்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. படிக்கட்டில் அவர் நின்றது மௌனத்தில் அல்ல, எதிரொலியில். எதிரொலி தேயத் தேய அடுத்த சுரத்தை எடுத்திருக்கிறார். சுவர் செய்த வேலை அது. சுவர் இல்லாத இடத்தில் அந்த வேலையை உடல்தான் செய்ய வேண்டும். சுரம் அறுந்த பிறகும் உதட்டுப்பிடி தளரக் கூடாது, வாத்தியம் இறங்கக் கூடாது, மூச்சை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. கேட்பவர் கண்ணுக்கு இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், காதும் காத்திருக்கும். பின்பு இதைத் தனியாகப் பழகினோம். ஒரு நாள் படிக்கட்டில், மறுநாள் துணி அலமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த நாள் புளோக்கின் கீழ்த் தளத்தில், ஆட்கள் நடந்துபோகும் நடுவே. மூன்று இடத்திலும் காலம் வேறு வேறாக வரும், வரட்டும். ஆனால் மூன்றிலும் மௌனம் காலியாகக் கூடாது.

குளிர்சாதனம் இன்னொரு பாடமும் சொன்னது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் மாறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் மாறும். சுருதிக் கணக்கில் அது 3 சென்ட் அளவுக்கு வரும். வெளியே 31, அரங்கத்தில் 22 என்றால் கணக்குப்படி 27 சென்ட், கால் தொனியில் பாதிக்கு மேல். ஊதும் மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் முழுதும் அப்படி இறங்காது, ஆனாலும் பழகிய உதட்டுக்கு எல்லாம் சற்றுத் தள்ளி இருப்பது போலத் தோன்றும். படிக்கட்டின் ஈரக்காற்றில் மிருதுவாக இருந்த ரீடும் குளிரில் காய்ந்து விறைத்துவிடும். அன்றிலிருந்து அரை மணி முன்னதாகவே அரங்கத்துக்குள் போய், அங்கேயே ரீடை நனைத்து, அங்கேயே வாத்தியத்தைச் சூடாக்குவது என்று வைத்துக்கொண்டோம்.

மேடை

ஆகஸ்டில் ஒரு சமூக மன்றத்தின் சிறு அரங்கில் முப்பது பேருக்கு முன்னால் வாசித்தார். தேர்வு அதற்கு அடுத்த வாரம். வந்தவர்களில் பாதிப் பேர் உறவினர்கள். துணைவாத்தியம் இல்லாத சாக்ஸபோனை அதுவரை கேட்டே இராதவர்கள். நியாயம்தான். அடால்ஃப் சாக்ஸ் இந்த வாத்தியத்துக்கு உரிமம் பெற்றது 1846இல். இத்தாலிய இசையமைப்பாளர் ஷெல்சி சொப்ரானோ சாக்ஸபோனுக்கு மூன்று தனிப்பகுதிகள் எழுதியது 1956இல். நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் போயிருக்கிறது. தனியாக நிற்கும் சாக்ஸபோன் இன்னும் இளம் பழக்கம்தான்.

நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலே வாசித்தார். கால் தொனிகளில் இரண்டு மட்டும் பக்கத்துச் சுரத்துக்குச் சாய்ந்தன, இரண்டும் எஃப்-க்குப் பக்கத்தில் இருப்பவை. சட்ஜத்தின் இழுப்பு அங்கே இன்னும் போகவில்லை. நான் அதைத் தீர்க்கவில்லை. முடிவுகள் சுத்தமாக அறுந்தன. நடுப்பகுதியில் ஒரு நீண்ட மௌனத்தில் ஒரு குழந்தை இருமியது. மாணவி அசையவில்லை. இருமல் அடங்கும்வரை வாத்தியத்தை உதட்டிலேயே வைத்திருந்து, பிறகு எடுத்தார். ஒத்திகையில் ஒரு தடவைகூட அந்த இடத்தில் அவ்வளவு நேரம் நின்றதில்லை. முதல் நாள் அவர் கேட்ட மனோதர்மம் அங்கேதான் நிகழ்ந்தது. தாளில் ஒரு புள்ளி கூட மாறவில்லை.

தேர்வில் இடம் கிடைத்தது. அதில் இந்தப் படைப்பின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது அடுத்த படைப்புக்கு வந்திருக்கிறார். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ 1969இல், ஓபோ என்ற இரட்டை ரீடுக் குழல் வாசிக்கும் கலைஞர் ஹைன்ஸ் ஹோலிகருக்காக எழுதிய ‘செக்வென்சா ஏழு’. சாக்ஸபோன் கலைஞர் க்ளோத் தெலாங்கிள் 1993இல் அதைச் சொப்ரானோ சாக்ஸபோனுக்கு மாற்றியமைத்தார். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சுரம் பின்னால் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளர் கண்ணில் படக் கூடாது. ஓபோ மூலத்தில் அந்தச் சுரம் பி, நம் கணக்கில் ஏழு கட்டை. இதைச் சொன்னதும் மாணவி சிரித்துவிட்டார். மறு வாரம் தாத்தாவின் பழைய சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறைக்கதவுக்குப் பின்னால் வைத்து, ஒலியைக் குறைத்து, ஏழு கட்டைக்குத் திருப்பினோம். வாசிக்கத் தொடங்கும் முன் பஞ்சமத்தை மட்டும் அணைக்கச் சொன்னேன்.